ஏறாத தண்ணீரை அளந்த கதை

ஒரு மாரிகாலம் முழுவதும் தண்ணீரை அளக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் என்னுடைய உடம்பின் பாரத்தை அளந்துகொண்டிருந்தேன். அளந்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதைக் கொப்பியில் எழுதினேன், மாதாமாதம் அறிக்கையாக மேலே அனுப்பினேன், கடைசி வரியில் "நீர்மட்டம் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். என் கையெழுத்து வடிவானது. அந்த அறிக்கைகளில் குறை சொல்ல இயலாத பகுதி அது ஒன்றுதான்.

சதுப்பு நிலங்களை மீட்கிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, எந்தப் புல் எவ்வளவு ஆழத்தில் நிற்கும், எந்த மாதம் நடவேண்டும் என்பதெல்லாம் உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது. அதைச் சொல்ல நான் தேவையில்லை. வேலையிலிருந்து இளைப்பாறிய ஆளிடம் மிச்சமிருப்பது அவன் விட்ட பிழைகள்தான். என்னிடம் அவை தாராளமாக இருக்கின்றன. அதில் நல்லதொன்றைத் தெரிந்தெடுத்துத் தருகிறேன்.

மூதூரிலிருந்து வெருகல் பக்கமாகப் போகிற வழியில், வயல்கள் முடிகிற இடத்தில் ஒரு வில்லு இருந்தது. மாரியில் ஆறு பெருகி வந்து நிரப்பிவிட்டுப் போகிற தாழ்ந்த நிலத்துக்கு இங்கே வில்லு என்றுதான் பெயர். முதல் நாள் அங்கே வேலைக்கு வந்திருந்த பெண்களிடம், "இதுதான் வில்லு எண்டா அம்பு எங்க?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதே பகிடியை இரண்டாம் நாளும் சொன்னேன். அன்றைக்கும் சிரிக்கவில்லை.

அந்த வில்லை யாரோ எப்போதோ வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் போனதும் அங்கே நின்ற பன்னும் போய்விட்டது. பன் என்றால் பாய் இழைக்கிற புல். ஆள் உயரத்துக்கு வளரும், தண்ணீரில் கால் வைத்து நிற்கும். மூதூர்ப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அதுதான் தொழில். எங்கள் திட்டம் எளிமையானது. வாய்க்காலின் வாயில் கொங்கிறீட்டில் ஒரு கதவு கட்டினோம். அதன் இரண்டு பக்கத் தவாளிப்புகளில் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கலாம். பலகையைப் போட்டால் தண்ணீர் உயரும், எடுத்தால் இறங்கும். உள்ளே பன் நட்டோம்.

நட்டது நாங்கள் என்று சொல்வது அலுவலகப் பழக்கம். நட்டது பெண்கள். அவர்களுக்குத் தலைவி போல நின்றவர் ஹைறுன் ராத்தா. எனக்கு அவரை விடப் பத்து வயது கூட. ஆனாலும் ஊர் முழுக்க ராத்தா என்று கூப்பிட்டால் நான் மட்டும் எப்படித் தங்கச்சி என்பது? அக்கா என்று அர்த்தம் வருகிற அந்தச் சொல்லே என் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

முதல் வருடம் நட்டது அவ்வளவும் மூழ்கி அழுகியது. இளம் பன்னின் நுனி தண்ணீருக்கு மேலே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். இரண்டாம் வருடம் கடைசிச் சந்தர்ப்பம். அந்த வருடமும் பிடிக்காவிட்டால் திட்டத்தை மூடிக் கதவை உடைத்து, நிலத்தை வயலுக்கு விட்டுவிடுவதென்று மேலே முடிவெடுத்திருந்தார்கள். ராத்தாவுக்கு அது தெரியும். அவர் மூன்று வருடமாகப் பன்னுக்காக எங்கெங்கோ போய் அலைந்துகொண்டிருந்தவர். நடுகிற நேரத்தில் என்னிடம் சொன்னார்:

"சேர், இந்த முறை தண்ணிய மட்டும் நீங்க பாருங்க. மத்ததெல்லாம் நாங்க பாக்கிறம்."

நான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதுதான் கதை.

தண்ணீரை அளக்கிற இலக்கப் பலகை கொழும்பிலிருந்து வரவேண்டும். அது வருகிறது, வருகிறது என்று சொன்னார்களே தவிர வரவில்லை. நான் பொறுமையில்லாத ஆள். ஒரு பாலைமரக் கட்டையை எடுத்து, சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசி, இலக்கங்களை என் கையாலேயே எழுதினேன். இதற்கு மேல் தண்ணீர் வந்தால் பன் மூழ்கும் என்ற உயரத்தில் தடித்த கோடொன்றும் போட்டேன். தோணியில் நின்றபடி வில்லின் நடுவிலே அதை அடித்து இறக்கினேன். அடிக்க அடிக்க இறங்கியது. பிறகு இறங்கவில்லை. அடியில் இறுகிய நிலம் வந்துவிட்டது என்று கொப்பியில் எழுதினேன். உண்மையில் களைத்தது என் கை. கை களைத்ததையும் நிலம் இறுகியதையும் பிரித்தறியத் தெரியாதவன் ஓர் அளவுக்கட்டையை நடக்கூடாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு வந்த காலைகள் என் உத்தியோக வாழ்வில் மிக அழகானவை. பிழையாக அளந்துகொண்டிருந்த காலைகள் என்பதற்காக அவற்றின் அழகு குறைந்துவிடுமா? விடிய முன்னம் திருகோணமலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்படுவேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது ஒரு பக்கம் கொட்டியாரக் குடாவும் மறுபக்கம் தம்பலகாமக் குடாவும் நித்திரை முறியாமல் கிடக்கும். தூரத்தில் துறைமுகத்துக் கப்பல்களின் விளக்குகள் தண்ணீரில் நீளமாக இறங்கி நிற்கும். வில்லுக்குப் போய்ச் சேர்கிற நேரம் பனிப்புகார் எழும்பும். தோணியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கரை மறைந்துவிடும், பிறகு தோணியின் நுனியும் மறைந்துவிடும். தாமரை இலைகள் தோணியின் வயிற்றில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். நான் போகிறேனா, நின்றபடி நிற்க வில்லு என்னைக் கடந்து போகிறதா என்று தெரியாது. பிறகு திடீரென்று புகாருக்குள்ளிருந்து என் சிவப்பு வெள்ளைக் கட்டை வெளிப்படும். அதன் உச்சியில் ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக்கொண்டு, எனக்காகவே காத்திருந்த அதிகாரி மாதிரி நிற்கும்.

எனக்குத் தூரப் பார்வை சரியில்லை. தோணியோ ஆடும். ஆகவே கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, அதில் நன்றாகச் சாய்ந்து, மூக்கு இலக்கத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து வாசிப்பேன். நான் மெலிந்த ஆள் இல்லை. அலுவலகத்தில் எனக்கென்று தனிக் கதிரை இருந்தது. மற்றக் கதிரைகள் எல்லாம் முறிந்த பிறகு கிடைத்தது.

ஒவ்வொரு வாசிப்பிலும் தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது. தடித்த கோட்டைத் தொட்டதும் எனக்கு முதல் வருடத்து அழுகிய பன் நினைவுக்கு வந்தது. மேல் பலகையை எடுத்தேன். தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. சில வாரங்களில் திரும்பவும் கோட்டைத் தொட்டது. இரண்டாவது பலகையையும் எடுத்தேன். பிறகு மூன்றாவது. கண்காணிப்பு என்றால் இதுதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கதவு என் கண்முன்னால்தான் இருந்தது. பலகைக்கு மேலால் தண்ணீர் எவ்வளவு வழிகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தாலே விளங்கியிருக்கும். நான் கட்டையைத்தான் பார்த்தேன். அதில் நான் பூசிய வர்ணம் அல்லவா இருந்தது!

மூன்றாவது பலகையை எடுத்த கிழமை ராத்தா என்னைக் கரையில் மறித்தார். உடன் நாலைந்து பெண்களும் நின்றார்கள்.

"சேர், தண்ணி குறையுது."

"இல்ல ராத்தா, கூடுது."

"நான் அதுக்குள்ள நிண்டுதானே களை புடுங்கிறன்."

"நான் அதை அளந்துபோட்டுத்தானே வாறன்."

"போன மாசம் இந்த இடத்தில என்ட முழங்காலுக்கு மேல நிண்டது. இப்ப பாருங்க, கெண்டைக்காலும் நனையல்ல."

"நீங்க வளந்திருப்பீங்க."

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வில்லில் என் பகிடி ஒன்றுக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது. அந்த மகிழ்ச்சியில், ராத்தா சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

"அம்பது வயசிலயா சேர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கினார்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தேன். ஆறாம் நாள் போனால், படுக்க முன் எழுதிய அளவிலேயே தண்ணீர் நின்றது. ஐந்து நாளும் ஒரு நூல்கூட ஏறவில்லை. நான் இல்லாதபோது வில்லு ஒழுங்காக இருக்கிறதே என்று எனக்கு லேசான மனவருத்தம். அருகில் ராத்தா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலக் கட்டையைப் பிடித்துச் சாய்ந்து குனிவதைப் பார்த்துவிட்டு நடந்து வந்தார். கட்டையில் தண்ணீர் தொடுகிற இடத்துக்குச் சற்று மேலே தன் சுட்டுவிரலை வைத்தார்.

"சேர், இன்னொருக்கா சாயுங்க."

சாய்ந்தேன்.

"நல்லாச் சாயுங்க."

நல்லாச் சாய்ந்தேன். அவருடைய விரல் கட்டையோடு சேர்ந்து மெதுவாகத் தண்ணீருக்குள் போனது. அவர் விரலை எடுத்து என் மூக்குக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"நீங்க பாக்கிற நேரம் மட்டும்தான் தண்ணி கூடுது சேர்."

நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் வில்லு வெள்ளையாக, அசைவில்லாமல் கிடந்தது. இரண்டு மாதமாக நான் கட்டையைச் சேற்றுக்குள் அமத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அது இறங்க இறங்க, தண்ணீர் ஏறுகிறது என்று எழுதி, பலகை பலகையாக வில்லை வடித்துவிட்டிருக்கிறேன். நட்ட பன் மூழ்கிவிடும் என்ற பயத்தில் அதைத் தாகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால், உங்கள் கையால் வர்ணம் பூசியதை முதலில் சந்தேகப்படுங்கள். எனக்கு எதிரே நின்றது ஒரு பெண்ணின் முழங்கால். அது சேற்றில் தாழ்வதில்லை. அதற்கு இலக்கம் எழுதியிருக்கவில்லை என்பதற்காக நான் அதை நம்பவில்லை.

என் மேலதிகாரி என்னை விட வயதில் இளையவர், பேச்சில் சிக்கனமானவர். எல்லாவற்றையும் தொலைபேசியில் சொன்னேன்.

"அறிக்கையைத் திருத்தி அனுப்புங்கோ. காரணம் எண்ட இடத்தில என்ன எழுதப்போறீங்க?"

"என்ர நிறை எண்டு எழுதட்டோ, மெடம்?"

"கிலோவில எழுதுங்கோ."

அதற்கு மேல் அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று பலகைகளையும் அன்றைக்கே திரும்பப் போட்டோம். ஆனால் பலகை தண்ணீரை மறிக்குமே தவிர வரவழைக்காது. மாரி முடிந்துவிட்டது. தை போனது. மாசியில் வானம் கழுவி வைத்த பீங்கான் மாதிரி இருந்தது. வில்லின் ஓரங்களில் சேறு வெடித்தது. கரையோரமாக நட்ட பன், நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ஈரம் குறைந்ததும் எருமைகள் உள்ளே இறங்கப் பார்த்தன. பெண்கள் முறை வைத்து அவற்றை விரட்டினார்கள். நடுவில் இருந்த பன் பச்சையாகத்தான் நின்றது. அதற்கு இன்னும் ஒரு நல்ல மழை வேண்டும், ஒன்றே ஒன்று. அந்தத் தண்ணீரை மறித்து வைத்தால் கோடையைத் தாண்டிவிடும். ராத்தா என்னைக் குறை சொல்லவில்லை. தினமும் வானத்தை மட்டும் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னிடம் பகிடி ஒன்றும் இருக்கவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு காலை கடல் பக்கம் கறுத்தது. ஒன்பது மணிக்குத் தொடங்கிய மழை மத்தியானம் தாண்டியும் ஒரே சீராகப் பெய்தது. நான் வில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்தா கதவின் கொங்கிறீட்டுக் கட்டில், உரப்பையை வெட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தியிருந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை காணாத சிரிப்பு.

"மாஷா அல்லாஹ், பாருங்க சேர். வருது."

வந்துகொண்டிருந்தது. வெடித்த சேற்றின் வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. மஞ்சள் நுனிகளுக்குக் கீழே தண்ணீர் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்து, ஒவ்வொரு பன்னின் அடியையும் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது.

அதே நேரத்தில் வில்லின் கரை வழியாக ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கிச் சறுக்கி வந்தது. வந்தவர் மேல்பக்கத்து வயல்களின் வட்டவிதானையார். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது வடிப்பது என்பதையெல்லாம் கமக்காரர் சார்பில் பார்க்கிறவர். வந்து இறங்கியதும் எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஐயா, பலகையை எடுங்கோ."

"ஏன் விதானையார்?"

"ஏன் எண்டு கேக்கிறீங்களோ? வெள்ளாமை பழுத்துத் தலை சாஞ்சு நிக்குது. நாளையிண்டைக்கு வெட்டு மெஷினுக்குச் சொல்லி வைச்சிருக்கு. வில்லுத் தண்ணி பின்னால ஏறினா வயல் வடியாது. வயல் வடியாட்டி மெஷின் இறங்க ஏலாது, புதையும். பிறகு நெல்லு நிண்ட நிலையில முளைக்கும். ஆர் பதில் சொல்லுறது?"

ராத்தா எழும்பவில்லை. "இது கடைசித் தண்ணி, அண்ணன். இதையும் விட்டா எங்கட பன் முடிஞ்சுது."

"தங்கச்சி, உங்கட புல்லுக்காக எங்கட நெல்லைக் குடுக்க ஏலுமோ?"

"உங்கட நெல்லுக்காக எங்கட புல்லைக் குடுக்க ஏலுமா?"

"நீ எழும்பு பிள்ள, நான் பலகையை எடுக்கோணும்."

"என்னையும் சேத்துத் தூக்குங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இருவர் சொன்னதும் சரி. நெல் ஒரு போகத்து உழைப்பு. பன் மூன்று வருடத்துக் காத்திருப்பு. தண்ணீர் எவ்வளவு ஏறும், எங்கே நிற்கும் என்று சொல்ல என்னிடம் இருந்தது சேற்றில் தாழ்ந்துபோன ஒரு கட்டை. சாதாரணமாக அந்த மாதிரி நேரத்தில் ஓர் உத்தியோகத்தர் செய்வதை நானும் செய்தேன். மெடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பலகையை எடுக்கட்டோ, விடட்டோ மெடம்?"

"நான் எங்க இருக்கிறன்?"

"ஒஃபிசில, மெடம்."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"கதவடியில."

"பிறகேன் என்னைக் கேக்கிறீங்க?" வைத்துவிட்டார்.

அப்போது எனக்கு அவர் மீது கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், என்னிடம் அவ்வளவு பெரிய பிழையைக் கண்ட பிறகும் முடிவை என் கையிலிருந்து பறிக்காமல் விட்டவர் அவர். அலுவலகத்தில் இருப்பவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்பது, தண்ணீரிடம் அலுவலகத்தைப் பற்றிக் கேட்பது மாதிரி.

நான் விதானையாரிடம், "தண்ணி எந்த இடத்துக்கு வந்தா உங்களுக்குப் பிழை?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? வயலுக்குள்ள வந்தாப் பிழை."

"எந்த வயல்? ஒருக்காக் காட்டுங்கோ."

மூவரும் மழைக்குள் நடந்தோம். அரை மணித்தியாலம் வரம்பில் வழுக்கி வழுக்கிப் போனோம். அதில் விழுந்தது நான் மட்டும், இரண்டு தடவை. எல்லா வயலையும் விடத் தாழ்ந்திருந்த கடைசி வயலில் விதானையார் நின்றார். அதன் வரம்பில் ஒரு வக்கடை இருந்தது. வயலில் கூடுகிற தண்ணீர் வெளியே வடிவதற்காக வரம்பில் வெட்டிய சின்ன வாய். அதன் அடியில் யாரோ ஒரு தட்டைக் கல்லை வைத்திருந்தார்கள். வயல் தண்ணீர் அந்தக் கல்லின் மேலால் பளபளவென்று வழிந்து வில்லுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வில்லுத் தண்ணீர் கல்லுக்கு ஒன்றரைச் சாண் கீழே நின்றது.

"இந்தக் கல்லுதான்," என்றார் விதானையார். "வில்லுத் தண்ணி இந்தக் கல்லை மூடினா வக்கடை இழுக்காது. இழுக்காட்டி வயல் ஆறாது."

"மூடாட்டி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மூடாட்டி எனக்கென்ன."

ராத்தா குனிந்து அந்தக் கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "சேர், நீங்க மட்டும் இதில ஏறி நிக்காதீங்க" என்றார். விதானையாருக்கு அந்தக் கட்டையின் கதை ஏற்கெனவே தெரிந்திருந்தது போலும்; மழைத் தண்ணீர் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிரித்தார்.

இரண்டு மாதமாக நான் வில்லின் நடுவில் நின்று அளந்துகொண்டிருந்தேன். அளக்கவேண்டிய இடம் ஒரு மூலையில், ஒரு தட்டைக் கல்லாகக் கிடந்தது. தண்ணீர் யாருக்குத் தீங்கு செய்யுமோ அவரைக் கூட்டிக்கொண்டு போய், எந்த இடத்தில் என்று கேளுங்கள். அவர் விரலால் தொட்டுக் காட்டுவார்.

பலகையைத் தூக்குகிற இரும்புக் கொழுக்கி எப்போதும் என் மோட்டார் சைக்கிள் பெட்டியில் பூட்டி இருக்கும். உத்தியோகத்தர் தவிர வேறு எவரும் தொடக்கூடாது என்பது விதி. திரும்பி வந்ததும் பெட்டியைத் திறந்து கொழுக்கியை எடுத்து விதானையாரின் கையில் கொடுத்தேன்.

"கல்லைத் தொட்டா நீங்களே ஒரு பலகையை எடுங்கோ. என்னைக் கேக்கத் தேவையில்லை."

அவர் கொழுக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ராத்தா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லாமல் விடுகிறேன். அவருடைய மூன்று வருடத்தை எடுத்து எதிராளியின் கையில் கொடுத்தவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. அது கெட்டித்தனமான முடிவென்று உங்களுக்குச் சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை என்னவென்றால், என்னை நம்ப எனக்கே ஏலாமல் போயிருந்தது. பயத்தில் இருக்கிற மனிதனிடம் பயத்தை நிறுத்துகிற கருவியைக் கொடுத்தால் அவன் அதை அவசரப்பட்டுப் பாவிக்க மாட்டான் என்று ஓர் எண்ணம் மட்டும் இருந்தது. அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மழை விட்டது. இளையவர்களே, மழை விட்ட பிறகுதான் தண்ணீர் வரும். மேலே எங்கெங்கோ பெய்தது எல்லாம் ஆறுதலாக, தன்பாட்டில், வயல் வயலாக இறங்கி வரும். நாங்கள் மூவரும் வக்கடைக்குப் பக்கத்து வரம்பில் குந்தியிருந்து பார்த்தோம். செய்வதற்கு வேறு ஒன்றுமில்லை. காற்று நின்றுவிட்டது. வில்லு முழுவதும் வானமாகியது. கீழே ஒரு முகில் போக, மேலே ஒரு முகில் போனது. எது எதைப் பார்த்துப் போகிறது என்று சொல்ல இயலவில்லை. நெற்கதிர்களிலிருந்து சொட்டுகள் விழும் சத்தம் வயல் நீளத்துக்கும் கேட்டது. நடுவில் நின்ற பன்னுக்குள் ஒரு நீலத் தாழைக்கோழி நிலத்தில் நடப்பது போல நடந்து போனது. தண்ணீர் ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு வைக்கோல் தும்பைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது நனையாமல் இருக்கும். இமைத்துவிட்டுப் பார்த்தால் மிதந்துகொண்டிருக்கும்.

விதானையார் வெற்றிலை மடித்து எனக்கும் தந்தார். ராத்தா பன்னைப் பற்றிக் கதைத்தார். எந்த மாதம் வெட்டினால் பாய் மினுங்கும், எதற்கு எந்தச் சாயம் பிடிக்கும் என்று. தன் வீட்டிலும் ஒரு காலத்தில் மூதூர்ப் பாய்தான் கிடந்தது, இப்போது பிளாஸ்டிக் பாய், அதில் படுத்தால் முதுகு வேர்க்கிறது என்றார் விதானையார். "பின்ன என்ன, எங்கட பன்னை விடுங்க, உங்கட முதுகு ஆறும்," என்றார் ராத்தா. விதானையார் வெற்றிலையைச் சப்பிக்கொண்டு கல்லையே பார்த்தார்.

பொழுது சாய்கிற நேரம் வில்லுத் தண்ணீர் கல்லைத் தொட்டது. விதானையார் எழும்பினார், சாரத்தை மடித்துக் கட்டினார், கதவடிக்குப் போனார். ஒரு பலகையைத் தூக்கிக் கரையில் போட்டார். ஒன்றுதான். தண்ணீர் சத்தத்தோடு வாய்க்காலுக்குள் விழுந்தது. ராத்தா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். மஃரிப் பாங்கு தூரத்தில் கேட்டதும் வீட்டுக்கு நடந்தார். நான் விதானையாரைப் பார்த்தேன்.

"தண்ணி கல்லுக்குக் கீழ போனா..." என்று தொடங்கினேன்.

"போகட்டும், பாப்பம்," என்றார் அவர். கொழுக்கியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

பாப்பம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் வீடு போனேன். ஒரு பலகை என்றால் ஒரு சாண் தண்ணீர். அது விடிய விடியப் போனால், பன்னுக்குக் கோடை தாண்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அவருக்கோ பலகையைத் திரும்பப் போடவேண்டிய அவசியமே இல்லை. வில்லு எவ்வளவு வடிந்தாலும் அவருடைய நெல்லுக்கு நல்லதுதான்.

அந்தப் பன் கடைசியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கரையோரம் நட்டது செத்தது. அது என் கணக்கு. நடுவில் நின்றது பிழைத்தது. அடுத்த வருடம் வெட்டினார்கள். கடைசி வயலின் ஒரு மூலையில் மெஷின் கொஞ்சம் புதைந்தது; அந்த மூலையை மட்டும் கையால் வெட்டினார்கள். ஆனால் மழைக்கு மறுநாள் விடியற்காலையில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

அன்று விடியற்காலையில் எனக்குத் தெரிந்தது ஒரு பேச்சு மட்டும்தான். கிண்ணியாப் பாலத்திலிருந்து அதைத் தயாரித்துக்கொண்டு போனேன். புகாருக்குள் மோட்டார் சைக்கிளை ஓட்டியபடி உரக்கச் சொல்லியும் பார்த்தேன். நெல்லும் புல்லும் ஒரே தண்ணீரின் பிள்ளைகள் என்று ஓரிடம் வந்தது. அது எனக்கே நன்றாகப் பிடித்திருந்தது.

கதவடியில் விதானையார் தனியாகக் குந்தியிருந்தார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நெஞ்சு வரை நனைந்திருந்தார். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன், தொண்டையைச் செருமினேன், வேறெங்கும் பார்க்காமல் முழுப் பேச்சையும் தொடங்கினேன். அவருடைய கஷ்டம் எனக்கு விளங்குகிறது என்றேன். ராத்தாவின் மூன்று வருடத்தைச் சொன்னேன். அவருடைய முதுகு வேர்வையைக்கூட விடவில்லை. பிள்ளைகள் வருகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் விட்டேன். "ஆனபடியால் விதானையார், தண்ணி கல்லுக்குக் கீழ இறங்கியிருந்தா, தயவு செய்து அந்தப் பலகையைத் திரும்பப் போடுவம்" என்று முடித்தேன்.

அவர் திரும்பாமலே வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"போட்டு ரெண்டு மணித்தியாலமாகுது."